முன்னறைச் சுவரில் மூன்று குழாய்கள்

முன்னறைச் சுவரிலிருந்து மூன்று குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

இரண்டு செம்பு. அவற்றின் வாய்க்கு மூடி போட்டிருந்தது. கீழே இருந்தது தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக். அதன் வாயில் துணியை அடைத்து டேப் சுற்றியிருந்தது.

வீட்டுக்கு வெந்நீர் காய்ச்சுகிற பழைய பாய்லரைக் கழற்றிப் புதியது மாட்டியதோ சமையலறையில். இந்த அறைக்கும் பாய்லருக்கும் என்ன சம்பந்தம்? கிறிஸ்துமஸுக்கும், பாதிரியார் வந்தால் அவருக்கும் மட்டும் திறக்கிற அறை இது.

இந்தக் கூத்தைச் செய்தவன் டேரன் என்ற குழாய் ஃபிட்டர். மிச்ச வேலைக்கு அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அப்படிச் சொல்லிவிட்டுப் போன எவனும் எங்கள் ஊர் பார்ன்ஸ்லியில் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இவன் வந்துவிட்டான். அதுதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வந்தவன் நேரே சமையலறைக்குப் போய் என் மனைவி பெரிலிடம் மெல்லிய குரலில் ஏதோ கேட்டான். அவளும் அதே குரலில் ஏதோ சொன்னாள். நான் உள்ளே போனதும் இருவரும் பாய்லரைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். எங்கள் மகள் ஜானிஸ் லீட்ஸிலிருந்து வந்தால் தாயும் மகளும் குசுகுசுவென்று பேசுவார்கள். என் தலை தெரிந்ததும் பேச்சு மழைக்கு மாறிவிடும்.

நான் அதிகம் படிக்கவில்லை. அதற்காக முட்டாள் என்று அர்த்தமில்லை. வீட்டைப் பிரித்து முன்னறையில் வாடகைக்கு ஆள் வைக்கப் போகிறார்கள். அல்லது மொத்தமாக விற்கப் போகிறார்கள். என்னைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில், எல்லாவற்றையும் கூழாக மசித்துக் கொடுக்கிற இடத்தில், தள்ளிவிடுவார்கள். கல்யாணமான வாரத்திலிருந்து நான் இருக்கிற வீடு இது. என்னைத் தூக்கித்தான் வெளியே கொண்டுபோக வேண்டும்.

டேரனை முன்னறைக்குக் கூப்பிட்டேன். வந்ததும் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டேன்.

"தம்பி, ஒண்ணு இதை முடி. இல்லேன்னா பிடுங்கிப் போடு. அதுவரைக்கும் நீ வெளிய போக முடியாது."

"என் வேலை முடிஞ்சது பெரியவரே. இனி வாஷ்பேசின் வந்தா மாட்டுறதுதான்."

"இங்க எதுக்குடா வாஷ்பேசின்?"

அவன் கம்பளம் அழுக்காகாமல் இருக்க பூட்ஸ்மேல் மாட்டியிருந்த நீல உறைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

குழாய்களுக்கு மேலே சுவரில் பென்சிலால் ஒரு கோடு. வாஷ்பேசின் விளிம்பு வரப்போகிற உயரம் அது. கிட்டப் போய்ப் பார்த்தேன். என் தொடைக்கு வந்தது.

"இவ்வளவு கீழயா? உன் உயரத்துக்கு அளந்துட்டியா? பூனைதான் நின்னு மூஞ்சி கழுவும் இதுல."

குள்ளன்தான் அவன். வேறு நாளாக இருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பான்.

"உட்கார்ந்து கழுவுறவங்களுக்கு அந்த உயரம்தான்," என்றான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னை நடக்க முடியாதவன் என்று காட்டத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

"என் காலுக்கு என்னடா கேடு? பாரு!" ஜன்னல்வரை போய்த் திரும்பி நடந்து காட்டினேன். வேகமாகவே நடந்தேன்.

அப்போது கதவு திறந்தது. பெரில் நின்றாள்.

"அவன விடு நார்மன். நான்தான் போடச் சொன்னேன்."

"எனக்கா?"

"எனக்கு."

டேரன் பைக்குள் எதையோ தேடுவதுபோல் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டான்.

"கால் ரெண்டும் போய்க்கிட்டிருக்காம். கோடைக்கு மேல மாடிப்படி ஏற முடியாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. கட்டிலையும் இங்கதான் இறக்கணும். பாய்லருக்காக எப்படியும் குழாய்ல இருந்த தண்ணிய எல்லாம் வடிச்சிருந்தான். அதோட இதையும் போட்டுடுன்னேன்."

படுக்கையும் மேலே, குளியலறையும் மேலே. என் மனைவி அதை முதலில் ஒரு பாய்லர்க்காரனிடம் சொல்லியிருக்கிறாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"டாக்டர் சொன்னா பொய்ன்னுவ. ஜானிஸ் சொன்னா சதின்னுவ. கண்ணால பார்த்தாத்தானே நீ எதையும் நம்புவ?"

விருந்தாளிகளுக்கென்று போட்டு வைத்திருந்த நாற்காலியை இழுத்துக் குழாய்களுக்கு முன்னால் போட்டேன்.

"உட்காரு. இவன் சரியா அளந்திருக்கானான்னு பார்ப்போம்."

பெரில் உட்கார்ந்தாள். முகம் கழுவப் போகிறவள்போல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள்.

நான் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவள் கையையும் அந்தக் கோட்டையும் பார்த்தேன். ஒரு அங்குலமாவது தப்பியிருக்கும் என்று நினைத்தேன்.

தப்பவில்லை.