ஒன்பது வாசலும் ஒரு சுவரும்

"ஒன்பது வாசலா? தம்பி, மண்டபமா கட்டப் போறீங்க, புறாக்கூடா?"

பள்ளிவாசல் தலைவர் அப்துல் ஸமட் ஹாஜியார் கேட்டதும் கூட்டம் சிரித்தது.

படம் வரைந்த எஞ்சினியர் பவிதரன் சிரிக்கவில்லை. "டெல்லியில பஹாயி சமயக்காரர்ட வணக்க வீட்டைப் பார்த்து வரைஞ்சது, ஹாஜியார். தாமரைப்பூ மாதிரி இருக்குமே, அது. ஒன்பது பக்கம், ஒன்பது வாசல். எந்தச் சமயத்தாரும் வரலாம். உள்ளுக்குச் சிலை இல்ல, பிரசங்கமும் இல்ல."

"பிரசங்கம் இல்லாட்டி ஹாஜியாருக்கு அங்க என்ன வேலை?" பின்வரிசையில் ஒரு குரல்.

"புதுசாக் கிளம்பின கூத்து!" ஹாஜியார் சீறினார்.

"புதுசில்ல. அவங்க முதன்முதல் கட்டினதுக்கும் ஒன்பது பக்கம்தான். அது பூகம்பத்தில வெடிப்பு விழுந்து இல்லாமப் போச்சு. பிறகு கட்டினதிலயும் ஆரும் வாசலைக் குறைக்கல்ல."

சுபைறா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுனாமியில் இறந்தவர்களைப் புதைத்த பொதுக்குழியைச் சுற்றி எழப்போகும் மண்டபம் அது. போர் முடிந்தும் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அந்தக் காணிக்குச் சண்டை பிடித்து, வேலிக்குப் பூட்டுப் போட்டிருந்தன. மகள் அம்ஹா கிடக்கும் மண்ணருகே உட்கார்ந்து ஒரு பாத்திஹா ஓத அவளுக்கு வழியில்லை.

கோயில் தலைவர் இளையதம்பி எழுந்தார். "ஹாஜியார் சொல்றதுதான் சரி. ரெண்டு வாசல் போதும். அவங்களுக்கு ஒண்டு, எங்களுக்கு ஒண்டு. நடுவில சுவர்."

"ஓம் ஓம், சுவர்தான்!"

எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தலைவர்கள் சுவருக்கு ஒத்துப்போனார்கள். கூட்டம் கைதட்டியது.

"எனக்கும் சுவர் வேணும்!" சுபைறா கத்தினாள்.

"பார்த்தீங்களா! பெத்த தாயே கேக்கிறா," என்றார் ஹாஜியார்.

பவிதரன் படத்தைச் சுருட்டத் தொடங்கினான்.

"பொறுங்க தம்பி," சுபைறா தடுத்தாள். "சுவருக்கு அத்திவாரம் எதால போகும்?"

"குழிக்கு நடுவால, அக்கா. வெட்டித்தான் ஆகணும்."

சுபைறா முன்னுக்கு வந்தாள்.

"ஹாஜியார், இளையதம்பி அண்ணன், மண்வெட்டியோட வாங்க. சுனாமியண்டைக்கு மய்யித்துகளைக் குழிக்குள்ள இறக்கினது நீங்க ரெண்டு பேரும்தான். ஒராள் தலைமாடு, ஒராள் கால்மாடு. எது எந்த ஊர்ப் புள்ளயெண்டு கேக்காம, அழுது அழுது இறக்கினீங்க. இப்பவும் ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லுங்க: என்ட அம்ஹா சுவருக்கு எந்தப் பக்கம்?"