பெயர் வேண்டாம்

கூட்ட அறைச் சன்னல் வழியே மதிய வெயில் மேசைமேல் சாய்ந்து விழுகிறது. தன் மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஊருக்கே திறந்துவிட்ட மனிதர், மடியில் மகளோடு சுவர்த்திரையில் சிரிக்கிறார். அதை வைத்தே பிழைக்கும் இந்த நிறுவனம் இன்றுதான் முதல்முறையாக அதிலிருந்த ஒரு பிழைக்கான திருத்தத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறது. "இந்தப் பிழையத் தேடி ரெண்டு வருஷமா மண்டைய உடைச்சுக்கிட்டேன். நீங்க எப்போ கண்டுபிடிச்சீங்க?" என்கிறார். "இப்பதான், போன வாரம்," என்று மேலாளர் கூசாமல் சொல்கிறார். திருத்தத்தை எழுதிய பொறியாளர் தலைகுனிந்து காபிக் கோப்பையின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அதை அவள் எழுதியபோது வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது வீடெல்லாம் ஓடுகிறான். "நம்மளோட இருக்கட்டும், வெளிய வேணாம்," என்று மேலாளர் அன்று சொன்னதும் அவள் சரியென்று தலையாட்டியிருந்தாள். திரையில் அவர் கண்ணாடியைக் கழற்றிச் சிவந்த கண்களைக் கசக்குகிறார். "நன்றி சொல்ற இடத்துல உங்க பேரப் போடறேம்மா. எப்படி எழுதணும், சொல்லுங்க." எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். "என் பேர் வேணாம் சார்." அவர் ஒரு கணம் திகைத்து, பிறகு மகளிடம் குனிகிறார். "பாத்தியா பாப்பா, அந்த அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு." குழந்தை திரைக்கு வெகு அருகில் வந்து, அவளைப் பார்த்துக் கைதட்டுகிறது.