பேபியக்காவின் கைப்பட்டை

சுனாமி ஒத்திகைக்காக எங்கள் கடற்கரையில் எல்லார் கையிலும் ரப்பர் பட்டை கட்டினார்கள். போகவேண்டிய பக்கம் திரும்பினால் பட்டை அதிரும். பிள்ளை உள்ளவர்களுக்குத் தனி ஏற்பாடு. முதலில் பிள்ளை நிற்கிற இடத்துக்கு வழி காட்டும். பிள்ளை கைக்கு வந்த பிறகுதான் மேட்டுக்கு. முந்தின சுனாமியில் பிள்ளையைத் தேடித் திரும்பி ஓடித்தான் நிறையப் பேர் அலையில் போய்விட்டார்கள்.

சங்கு ஊதியதும் எல்லாரும் மாதா கோயில் மேட்டுக்கு ஏறினோம். பேபியக்கா மட்டும் அதிர்கிற பட்டையைப் பார்த்தபடி கடலுக்கு நடந்தாள். அவளுடைய ஒரே மகன் லிஜினை ஆறு வயதில் அந்த அலை கொண்டுபோயிருந்தது. பட்டை தந்தவர்கள் அவளைப் பிள்ளை இல்லாதவள் என்றுதான் பதிந்திருந்தார்கள்.

தண்ணீர் ஓரத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு திரும்பி, ஒரு கையைத் தாழ்த்திப் பிடித்தபடி மெதுவாக ஏறி வந்தாள்.

"ஏட்டி, ஓடி வா!" மேலிருந்து கத்தினார் அவள் கணவர் ஜஸ்டஸ்.

"நான் ஓடிருவேன். அவனுக்க காலு சின்னதுல்லா."

ஜஸ்டஸ் இறங்கிப்போய், அவளுக்கும் தனக்கும் நடுவில் ஒரு பிள்ளைக்கு இடம் விட்டு, கூட நடந்தார்.