அர்சனா

வெனிஸ் துறையில் கயிற்றால் பிணைத்து நிறுத்தியிருந்த பதினோரு கைதிகளில் கலஃப் ஏழாவது ஆள்.

துறை அதிகாரி ஒவ்வொருவரிடமும் என்ன தொழில் என்று விசாரித்துக்கொண்டே வந்தான். அவன் கேட்பதை அரபியில் சொல்ல, பியெரோ என்ற நரைத்த ஆள் கூடவே வந்தான்.

"ஒலிவத் தோட்டத்துல வேலை," என்றான் கலஃப்.

பொய். சொந்த ஊரான மஹ்தியாவில் அவன் கப்பல் தச்சன்.

கைதிகளைப் பணம் கொடுத்து மீட்டுப்போக வசந்தத்தில் ஊரிலிருந்து ஆள் வரும். தச்சன் என்று தெரிந்துவிட்டால் மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் விடமாட்டார்களாம். வரும் வழியிலேயே பேசிக்கொண்டார்கள்.

அதிகாரி நம்பிவிட்டான். அடுத்தவனிடம் நகரும்போது, எதிரே இருந்த செங்கல் கட்டடத்தைக் காட்டிக் காவலாளியிடம் ஏதோ சொன்னான். புரியாத பேச்சு. நடுவில் ஒரு சொல் மட்டும் புரிந்தது.

அர்சனா.

கலஃப் சட்டென்று தலை நிமிர்ந்தான்.

தாருஸ் ஸினாஆ. வேலை நடக்கிற வீடு; மஹ்தியாவில் கப்பல் கட்டும் தளத்துக்கு அதுதான் பெயர். முதல் எழுத்து உதிர்ந்து, நடுவில் தேய்ந்து போயிருந்தாலும் அவன் ஊர்ச் சொல்தான். தினமும் காலையில் மனைவியிடம் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உளியோடு கிளம்புவான்.

கட்டடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே கூரைவரை ஈட்டிகள், கேடயங்கள், அம்புக்கட்டுகள். ஆயுதக் கிடங்குக்கு இவர்கள் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள்.

பார்வையைத் திருப்பியபோது அதிகாரி எதிரில் நின்றிருந்தான். கலஃபைக் காட்டிப் பியெரோவிடம் ஏதோ கேட்டான்.

பியெரோ முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, அதட்டுகிற குரலில் அரபியில் சொன்னான்:

"அந்தப் பேரு உனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறான். அது நம்ம பாஷையே இல்லேன்னு சொல்லப் போறேன், தம்பி. தலையை மட்டும் ஆட்டு. வாயைத் தொறக்காதே."

மஹ்தியா மீன்சந்தையில் கேட்கிற அதே பேச்சு.

கலஃப் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினான்.

பியெரோ அதிகாரியிடம் நீளமாக ஏதோ சொன்னான். அதிகாரி சிரித்துவிட்டு எட்டாவது ஆளிடம் போனான்.

பியெரோ உடனே போகவில்லை. கலஃபின் கயிற்று முடிச்சைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்தான்.

"நான் அன்னிக்கு இதே பேரைக் கேட்டு நிமிர்ந்துட்டேன்," என்றான். "இந்த மாசத்தோட பத்தொன்பது வருஷம்."