தொட்டியில் மீன் உண்டா?

"படகுத்துறையிலேருந்து வீடு வரைக்கும் டாக்ஸி வருமான்னு கேக்கிறார் லாத்தா."

தங்கை நுரு போனைப் பார்த்துப் படித்தாள். மோஸா தேங்காய்த் துருவியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கழுதை அனுப்புறோம்னு எழுது. ஏசி போட்ட கழுதை."

லாமு தீவின் சந்துகளில் எதிரே ஒரு ஆள் வந்தாலே சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதில் டாக்ஸி வேண்டுமாம் துரைக்கு.

துரையின் பெயர் யூசுஃப். ஊர் நைரோபியாம். மோஸா வாடகைக்கு விடும் மூன்று அறைகளில் ஒன்றை ஐந்து நாளைக்குக் கேட்டு, பத்து நாளாக உயிரை எடுத்துக்கொண்டிருக்கிறான். கொசு கடிக்குமா? தண்ணீர் உப்புக் கரிக்குமா? பாங்கு சத்தம் தூக்கத்தைக் கெடுக்குமா?

"பாங்கு சத்தம் ஆகாதவனுக்கு யூசுஃப்னு பேரு ஒரு கேடா?" என்று அன்றைக்கே மோஸா கேட்டுவிட்டாள்.

இன்று பயணத் திட்டத்தையே கட்டம் கட்டி அனுப்பியிருந்தான். புதன், கோட்டை. வியாழன், பாய்மரப் படகில் போய் சூரியன் மறைவதைப் பார்ப்பது. சனி, பழைய இடிபாடுகள். ஞாயிறு, கழுதை ஆஸ்பத்திரி.

"நம்ம மாமாவை மூணு மாசம் அடைச்சு வெச்சிருந்த ஜெயிலு அந்தக் கோட்டை, அதைப் பார்க்க ஒரு நாளா? நைரோபியில சூரியன் மறையறதே இல்லையாக்கும். கழுதை ஆஸ்பத்திரியில அவனுக்கும் ஒரு கட்டில் கிடைக்குமான்னு கேட்டு வை."

நுரு சிரித்தாள். "வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ஒண்ணும் போடல லாத்தா."

மோஸா அடுத்த தேங்காய் மூடியைக் கையில் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமைதான் லுலுவுக்கு நிக்காஹ்.

மோஸாவின் ஒரே மகள். அவளுக்காக மேல்மாடி கட்டிப் பூசிய சுண்ணாம்பு வாடைகூட இன்னும் போகவில்லை. இந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுவான். ஒத்துவராவிட்டால் பெட்டியோடு இறங்குவான்.

லுலுவின் வாப்பா பக்காரி அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று பெட்டியை இங்கேயே போட்டுவிட்டு மஸ்கட்டுக்குக் கப்பலேறினான். அப்போது லுலுவுக்குப் பல் முளைக்கவில்லை. இப்போது இருபத்திரண்டு வயது. இடையில் அவனிடமிருந்து உருப்படியாக வந்தது தலாக் ஒன்றுதான், அதுவும் தபாலில்.

கல்யாணத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் மோஸா தனியாகவே செய்து முடித்துவிட்டாள். பெண்ணை மாப்பிள்ளை கையில் ஒப்படைக்க ஒரு வாப்பாவை மட்டும் அவளால் செய்ய முடியவில்லை. அவன் வராவிட்டால் தானே நின்று முடித்துவைப்பதாகக் காஜி சொல்லியாகிவிட்டது. ஆனால் லுலு மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"உசிரோட இருக்கிற வாப்பாவுக்குப் பதிலா ஊரான் ஒருத்தர் என்னைக் கொடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்தியவள்தான்.

மகளுக்காக மோஸா மானத்தை விட்டு மஸ்கட்டுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அதற்குப் பதினோரு நாள் ஆகிறது. ப்ளூ டிக் விழுந்தது. பதில்தான் விழவில்லை.

"இந்த ஆளுக்கு அறை இல்லைன்னு எழுதிடட்டுமா?" என்றாள் நுரு. "மொம்பாஸா சனமெல்லாம் வந்து இறங்கினா படுக்க இடம் வேணாமா?"

"இரு. துரை இன்னும் என்ன கேக்கிறாரு, படி."

நுரு விரலால் தள்ளிக் கடைசி வரிக்கு வந்தாள்.

"நடுமாடிக் குளியலறைத் தொட்டியில மீன் உண்டான்னு..."

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

முன்பு அந்தத் தொட்டியில் நாலைந்து மீன் விட்டிருந்தார்கள், கொசுப்புழுவைத் தின்பதற்கு. விருந்தாளிகளுக்காகத் தொட்டியை உடைத்து ஷவர் வைத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. இணையத்தில் போட்ட படத்திலும் ஷவர்தான் இருக்கிறது.

"லாத்தா, படத்துல தொட்டியே இல்லையே. இவருக்கு எப்படி..."

"இப்பத்தான் கண்டுபிடிச்சியாக்கும்!" மோஸா துருவுவதை நிறுத்தவில்லை. "ப்ளூ டிக் விழுந்த மறுநாளே எனக்குத் தெரியும். மீசை முளைக்கிற வரைக்கும் கழுதை மேல ஏறித் திரிஞ்சவன், டாக்ஸி வருமான்னு கேக்கிறான்! பெத்த மக கல்யாணத்துக்கு அடுத்தவன் பேரை வெச்சுக்கிட்டு, வாடகைக்கு அறை எடுத்து வரான். வெக்கங்கெட்ட ஜென்மம்."

நுரு அண்ணாந்து மேல்மாடியைப் பார்த்தாள். "லுலுகிட்டச் சொல்லட்டுமா?"

"மூச்சு விடாதே. வந்து இறங்கட்டும் முதல்ல. இன்னொரு தடவை ஏமாத்தினான்னா அதை நான் மட்டும் தாங்கிக்கிறேன். அவளால முடியாது."

கீழே சந்தில் யாரோ கழுதையை அதட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் முனை திரும்பும் வரை நுரு காத்திருந்தாள்.

"என்னதான் எழுதட்டும்?"

"மீனெல்லாம் செத்து வருஷக்கணக்காச்சுன்னு எழுது. அறை இருக்குன்னு எழுது."

நுரு எழுதினாள்.

மோஸா துருவிய தேங்காயைச் சட்டியில் தட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் சேர்த்துக்க. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளை அங்கி வேணும், புதுசா எடுத்துட்டு வரச் சொல்லு. பெட்டியில கிடந்ததுல நான் எப்பவோ தரை துடைச்சிட்டேன்."