ஃபோன்கிளேர் பலகை

பனிமூட்டத்தில் சாலையும் புல்வெளியும் ஒன்றாகிக் கிடக்கின்றன. எங்கள் ஊர் எல்லையில் மேயர் ஓடில், கல்யாணங்களை நடத்திவைக்கும்போது மேயர்கள் அணியும் பிரெஞ்சு மூவண்ணப் பட்டையை மழைக்கோட்டின் மேல் போட்டுக்கொண்டு நிற்கிறார். பக்கத்து ஊரோடு எங்களை இணைத்துவிட்டார்கள். பெயரும் இன்றோடு மாறுகிறது. சாலைப் பணியாளர் கஸ்பார் ஊர்ப் பெயர்ப் பலகையைக் கழற்றிப் புல்லில் சாய்க்கிறார். ஃபோன்கிளேர். தெளிந்த ஊற்று என்று அர்த்தம். “அந்த ஊத்த நீங்களாவது பாத்திருக்கீங்களா கஸ்பார்?” “எங்க? எவ்வளவு தோண்டினாலும் களிமண்ணுதான் வருது. எவனோ குடிச்சிட்டு வெச்ச பேரு மேயரம்மா.” “இன்னிக்காவது கேலி பண்ணாம இருங்களேன்.” கஸ்பார் பலகை நின்ற கம்பத்தை ஆட்டி ஆட்டி இழுக்கிறார். அடியில் ஒட்டிய காங்கிரீட் கட்டியோடு அது பெயர்ந்து வருகிறது. எங்கோ ஒரு மாட்டின் மணி ஒலித்து ஓய்கிறது. குழியின் அடியில் ஏதோ மினுங்குகிறது. கலங்கலாக ஏறிய நீர் அவசரமில்லாமல் தெளிகிறது; உதிர்ந்த இலையொன்று அதில் மெல்லச் சுற்றுகிறது. இருவரும் குனிகிறார்கள். கஸ்பார் உள்ளங்கையில் அள்ளிக் குடித்துவிட்டு வாயைத் துடைக்க மறந்து நிற்கிறார். “இத்தன வருஷமா இந்த ஊத்து வாயிலயா பலகைய நட்டு வெச்சிருந்தோம்?” ஓடில் இன்னும் குனிந்தே நிற்கிறார். பட்டையின் நுனி நீரில் நனைந்துகொண்டிருக்கிறது.