யார் தூக்கிய கை?

சுனாமியில் தோள் முறிந்த முத்தம்மாளின் சிகிச்சை அட்டை, மரக்காணம் முகாமில் இரண்டு தெரபிஸ்ட்கள் கையில் இழுபட்டது.

"தோள் அசையறது என் பிசியோதெரபியால, மேடம். நான்தான் கேஸை முடிக்கணும்," என்றார் ஜெயசீலன்.

"அசைஞ்சா போதுமா? உப்பளத்துல உப்பு வாரணும், தலை பின்னணும். அதைப் பழக்கினது ஆக்குபேஷனல் தெரபி. நான்தான் கையெழுத்துப் போடுவேன்," என்றாள் சூர்யகலா.

அட்டையோடு வந்து, முக்காட்டில் முகம் மறைய உட்கார்ந்திருந்தவள், "சார், நான் வந்து..." என்று மூன்றாம் முறையாக ஆரம்பித்தாள்.

"இரும்மா. முதல்ல கையைத் தூக்கு," என்றார் ஜெயசீலன்.

தூக்கினாள். கை காதைத் தொட்டது.

"பாத்தீங்களா?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"நான் முத்தம்மா தங்கச்சிங்க. அக்காவால இன்னும் பஸ் கம்பியப் பிடிக்க முடியல. ரெண்டு பேருல யாராவது வீட்டுக்கு வருவீங்களான்னு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு."